தெய்வாத்தாளின் நெற்றி

காலை ஒன்பது மணிக்கு நாச்சிமுத்து முறைத்தாக வேண்டும். அதுதான் அவருடைய உத்தியோகம்.

சரவணம்பட்டியில் மலர்முக ஆய்வகத்தின் மூன்றாவது மாடியில், பல் டாக்டர் வீட்டு நாற்காலி போன்ற ஒன்றில் அவரைச் சாய்த்து, எதிரே ஒரு கேமராவை நிறுத்துவார்கள். அவர் இரண்டு புருவத்தையும் மூக்குக்கு மேலே இழுத்துக் கட்டி, நெற்றியை மடித்து, பார்த்த மாத்திரத்தில் ஆளைக் கூண்டில் ஏற்றுவது போல ஒரு முறைப்பு முறைப்பார். இயந்திரம் 'மூன்று' என்று காட்டும். சுழியம் என்றால் இஸ்திரி போட்ட நெற்றி. மூன்று என்றால் முழுச் சுளிப்பு. கடைக்காரர் தராசைச் சரிபார்க்கப் படிக்கல் வைப்பது போல, அந்த இயந்திரத்துக்கு நாச்சிமுத்துவின் நெற்றி. அவர் முறைத்து முடித்த பிறகுதான் மற்றவர்களின் நெற்றிகளை அது அளக்கத் தொடங்கும்.

படிக்கல்லுக்கு இவரை விட்டால் ஆளில்லை. நாற்பது லட்சம் பேர் வாழும் கோயமுத்தூர் மாவட்டத்தில், பச்சைக் குழந்தைகள் நீங்கலாக, சுளிக்கத் தெரிந்த நெற்றி அது ஒன்றுதான் மிச்சம்.

காரணம், நித்யசாந்தி ஊசி. பொட்டுலினம் என்ற பெயரைக் கேட்டாலே ஒரு காலத்தில் டாக்டர்கள் எழுந்து நின்றார்கள். கெட்டுப்போன டப்பா உணவில் ஒளிந்திருந்து குடும்பம் குடும்பமாக மூச்சை நிறுத்திய விஷம் அது. பிறகு அதைத் துளியிலும் துளியாக்கி மாறுகண்ணை நேராக்கினார்கள், கை இழுப்பை நிறுத்தினார்கள், தலைவலியை அடக்கினார்கள். போகிற போக்கில் நடிகைகளின் நெற்றியையும் வழித்துவிட்டார்கள். மூன்று நான்கு மாதத்தில் வேகம் தீர்ந்துவிடும், மறுபடி குத்திக்கொள்ள வேண்டும். மலர்முக ஆய்வகம் அந்தத் தொல்லையை ஒழித்தது. ஒரே ஊசி, ஆயுளுக்கும் போதும். முகத்தில் சிரிப்புக்கு வேண்டிய தசைகளை மட்டும் விட்டுவைத்து, சுளிக்கிற, கோணுகிற, அழுகிற தசை அத்தனையையும் அது தூங்கவைத்தது. முகம் சுளிக்காவிட்டால் மனமும் சுளிக்காது என்றார்கள் ஆராய்ச்சியாளர்கள். முதலில் கவுன்டரில் உட்காருகிறவர்கள் போட்டுக்கொண்டார்கள். பிறகு மருமகள்கள், அப்புறம் மாமியார்கள். கடைசியில் மணமகன் தேவை விளம்பரத்தில் 'ஊசி போட்டவர் மட்டும்' என்று வந்துவிட்டது.

ஊர் சொர்க்கமாயிற்று. ஹாரன் செய்கிற தொழிற்சாலைகள் மூடப்பட்டன. தொலைக்காட்சி விவாதங்களில் ஆளுக்கு ஆள் 'நீங்க சொல்லுங்க' என்று விட்டுக்கொடுத்ததில் நிகழ்ச்சி எட்டு நிமிடத்தில் முடிந்தது. இழவு வீட்டுக்குப் போனால் எல்லாரும் தெளிந்த முகத்தோடு உட்கார்ந்திருக்க, மாலை போட்ட படத்தில் இருக்கிறவர் மட்டும்தான் சோகமாகத் தெரிந்தார்.

நாச்சிமுத்துவிடம் மட்டும் ஊசி தோற்றுப்போனது. முப்பது வருடம் அவர் டவுன் பஸ்ஸில் டிக்கெட் செக்கர். அவர் படியில் கால் வைத்தால் டிக்கெட் எடுத்தவர்களும் சேர்ந்து இறங்கிவிடுவார்கள் என்பது பேச்சு. ரசீது எழுதி எழுதி வலது கை இழுத்துக்கொண்டபோது, பழைய பொட்டுலினம் ஊசி கையில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தரம். ஆனால் நாச்சிமுத்துவின் பலவீனம் ஒன்று உண்டு. இலவச முகாம் என்று எங்கே பேனர் தெரிந்தாலும் அவர் கால் நிற்காது. காந்திபுரத்தில் ஒரு முகாம், பீளமேட்டில் ஒன்று, போத்தனூரில் ஒன்று. ஒரு டாக்டருக்கு இன்னொரு டாக்டரைத் தெரியாமல், ஒரே மாதத்தில் மூன்று இடத்தில் குத்திக்கொண்டார். இப்படி இரண்டு வருடம். அவருடைய ரத்தம் அந்த விஷத்தை அடையாளம் கண்டு, வாசலிலேயே அடித்துத் துரத்தப் பழகிவிட்டது. நித்யசாந்தி வந்தபோது நான்கு முறை போட்டுப் பார்த்தார்கள். நெற்றி அடங்காமல் பழையபடியே அசைந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, டாக்டர் ருக்சானா வழக்கம் போல அவருக்குக் கோபமூட்ட வந்தார். ருக்சானா முப்பத்தைந்து வயது ஆராய்ச்சியாளர். ஊழியர் விதிப்படி ஊசி போட்டவர். எதைச் சொன்னாலும் பரிசு வாங்கிய குழந்தை மாதிரி ஒரு முகம்.

"இன்னைக்கு எந்தக் கேஸை எடுத்துக்கலாமுங்க ஐயா?"

"அந்த உக்கடத்து ஆளையே எடுங்க."

"சரிங்க. வெள்ளை வேட்டி. காந்திபுரத்துல ஏறி உக்கடம் வரைக்கும் டிக்கெட் எடுக்கல. நீங்க கேட்டதுக்கு என்ன சொன்னானுங்க?"

"காத்துல பறந்துருச்சுன்னான்" என்றார் நாச்சிமுத்து.

வழக்கமாக இந்த இடத்தில் அவர், 'சன்னலே இல்லாத பக்கம் நின்னுக்கிட்டு!' என்று கத்துவார். இயந்திரம் மூன்றைத் தொட்டுவிடும். இன்று அவர் கத்தவில்லை. இயந்திரம் 'ஒன்றரை' என்றது.

"உடம்பு சரியில்லீங்களா?"

"எனக்கில்லீங்க. வீட்டுல."

தெய்வாத்தாள் அவர் மனைவி. நாச்சிமுத்துவின் முறைப்பு ஊருக்கெல்லாம் பொது என்றால், தெய்வாத்தாளின் முறைப்பு அவர் ஒருவருக்கே உரியது. அதன் வலுவில் பாதிகூட அவர் முறைப்புக்குக் கிடையாது. எட்டு வருடத்துக்கு முன்பு அவளுக்கு நித்யசாந்தி போட்டாயிற்று. அன்றிலிருந்து வீட்டில் சத்தமே இல்லை. எதைச் சொன்னாலும் "சரிங்க." தன் குடும்ப வாழ்க்கை பற்றி நாச்சிமுத்து பூங்காவில் மற்றவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறார்.

"போன வாரம் ஒரு சிறுநீரக முகாமுக்குப் போயிருந்தனுங்க. தனியாப் போறதுக்கு இவளையும் கூட்டிட்டுப் போனேன். சும்மா நிக்கறாளேன்னு இவளுக்கும் ஸ்கேன் எடுத்தாங்க. உள்ள கல்லுங்க. புளியங்கொட்டை பெருசு. அந்த டாக்டர் சொல்றான், 'இதுல பாதி கல்லுக்கே ஆம்பளைங்க தரையில உருண்டு பொரளுவாங்க, இந்தம்மா மல்லியப்பூ மாதிரி நிக்கறாங்களே'ன்னு. ஏம்மா சொல்லலைன்னு கேட்டான். 'சொன்னனுங்களே, மூணு தடவை சொன்னேன்'ங்கறா."

"சொன்னாங்களா?"

நாச்சிமுத்து கைகளைப் பார்த்துக்கொண்டார். "சொன்னாளுங்க. தோசை ஊத்திட்டே ஒருக்கா. துணி காயப்போட்டுட்டு ஒருக்கா. இன்னொருக்கா எப்பன்னு ஞாபகமில்ல. ஒவ்வொரு தடவையும் நான் அவ மூஞ்சியத்தான் பார்த்தேன். நிலா மாதிரி இருந்துச்சு. அதனால சோடா வாங்கிக் குடுத்தேன்."

கல்லை எடுத்தாயிற்று, அவள் நலம்தான். ஆனால் அன்றிலிருந்து நாச்சிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. வலியை மூன்று முறை சொல்லியும் தன் காதில் ஏறவில்லை என்றால், எட்டு வருடத்தில் வேறு என்னவெல்லாம் சொல்லியிருப்பாள்? அந்த முகத்துக்குப் பின்னால் இருக்கிறவள் தன்னோடுதான் இருக்கிறாளா, எப்போதோ புறப்பட்டுப் போய்விட்டாளா? அவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

"அந்த ஊசியத் திருப்பி எடுக்க முடியுமுங்களா?" என்று கேட்டார்.

ருக்சானா கேமராவை அணைத்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பழைய மருந்து விருந்தாளி மாதிரிங்க. நரம்பு முனைக்குள்ள போயி, தசைக்குத் தகவல் கொண்டுபோற கயித்தை அறுத்துட்டு, மூணு மாசத்துல கெளம்பிரும். கயிறு மறுபடி வளர்ந்துக்கும். நம்ம மருந்து உள்ள போயி பட்டாவே வாங்கிருச்சு. கெளம்பாது."

"என்ற ரத்தம் அதை விரட்டுச்சே?"

"உங்க ரத்தம் வாசல்ல நின்னு விரட்டுதுங்க. வீட்டுக்குள்ள பூந்ததை அதால ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா..." குரலைத் தாழ்த்தினார். "நான் ரெண்டு வருசமா ஒண்ணு பண்ணிட்டு இருக்கறனுங்க. உங்க ரத்தத்துல இருக்கற காவல்காரனைப் பார்த்து அதே மாதிரி ஒரு சின்ன ஆளைச் செஞ்சிருக்கேன். விஷத்தைப் புடுங்கிட்ட வெறும் ஓட்டுக்குள்ள அவனை உக்கார வெச்சு அனுப்பினா, நரம்பு சொந்தக்காரன்னு நெனச்சுக் கதவைத் தொறந்துரும். உள்ள போயி குடியிருக்கறவனைக் கழுத்தைப் புடிச்சு நிறுத்திருவான்."

"யாருக்காவது போட்டிருக்கீங்களா?"

"எலிக்குங்க."

"எலி மொறைச்சுதா?"

"மொறைச்சுதுங்க."

"ஆரைப் பார்த்து?"

"எங்க எம்டியைப் பார்த்துங்க. அன்னைக்குத்தான் அவரு மொதத் தடவையா லேபுக்கு வந்தாரு."

மாற்று மருந்துக்கு அனுமதி கேட்டு ருக்சானா அனுப்பிய ஃபைலை எம்டி திருப்பி அனுப்பிவிட்டாராம். நிம்மதியாக இருக்கிற ஊரை ஏன் கெடுக்க வேண்டும் என்று ஓரத்தில் எழுதியிருந்தாராம்.

"இதுல உங்களுக்கு என்னம்மா வந்துச்சு? எதுக்கு ரெண்டு வருசமா மெனக்கெடறீங்க?"

ருக்சானா அதே பரிசு வாங்கிய முகத்தோடு சொன்னார்: "எனக்குப் பதினோரு மாசத்துல பொண்ணு இருக்காளுங்க. கீழ விழுந்தா என் மூஞ்சியப் பார்ப்பா. அப்பறம் அழறதா வேண்டாமான்னு தெரியாம சொவத்தைப் பார்ப்பா. இப்பல்லாம் நேரா சொவத்தையே பார்க்கறாளுங்க."

அன்று நாச்சிமுத்து வேலைநிறுத்தம் அறிவித்தார். தெய்வாத்தாளுக்கு மாற்று ஊசி போட அனுமதி வரும்வரை முறைக்க மாட்டேன். அவ்வளவுதான். மறுநாள் ஒன்பது மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்து இளித்தார். இயந்திரம் தவித்தது. பழைய போட்டோவைக் காட்டலாம் என்றார்கள். தரக்கட்டுப்பாட்டு விதியில் 'உயிருள்ள நெற்றி' என்று இருந்தது. அவருக்கு ஆறிய காப்பி கொடுத்தார்கள், நாற்காலியில் ஈரத்துணி போட்டார்கள், அவருக்கு ஆகாத தம்பியைப் புகழ்ந்து அரைமணி நேரம் பேசினார்கள். அவர் தன் கல்யாணத்தில் பந்தி நடுவே எருமை புகுந்ததை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். மூன்று நாளில் பதினோராயிரம் நெற்றிகள், ஊசி பிடித்ததா என்று அளக்கப்படாமல் தேங்கின. நான்காம் நாள் எம்டி கையெழுத்துப் போட்டார்: ஒரே ஒரு ஆளுக்கு, ஒரே ஒரு முறை, சம்பந்தப்பட்டவர் முழு மனதோடு சம்மதித்தால்.

சம்மதம் என்ற இடத்தில்தான் நாச்சிமுத்துவுக்கு வியர்த்தது.

தெய்வாத்தாள் சமையலறையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்தார். ஒரு காம்பை எடுத்தார். உருவத் தெரியாமல் வைத்தார்.

"தெய்வா, எட்டு வருசத்துக்கு முன்னால உன்னை ஊசி போடக் கூட்டிட்டுப் போனேனே."

"ஆமாங்க."

"நெத்தியில கோடு போகும்னு சொன்னேன்."

"ஆமாங்க. போச்சுங்களே."

"கோட்டுக்காகக் கூட்டிட்டுப் போகல. நீ மொறைக்கறது எனக்குத் தாங்கல. அதுக்குத்தான்." சொல்லி முடித்துவிட்டு, பஸ் பிரேக் பிடிக்காதபோது கம்பியைப் பிடிப்பது போல மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

தெய்வாத்தாள் கீரையை உருவினாள். முகம் நிலா.

"சரிங்க" என்றாள்.

"கோவம் வரலையா?"

"வருதுங்க. கீரைக்குத் தேங்காய் போடட்டுங்களா, பருப்பு போடட்டுங்களா?"

அவர் அந்த முகத்தைப் பார்த்தார். 'வருதுங்க' என்று அவள் சொன்னதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு, மன்னித்துவிட்டாள் போலிருக்கிறது என்று பெருமூச்சு விட்டார். பழக்கம் அப்படிச் சீக்கிரம் போய்விடுமா? மாற்று ஊசி பற்றிச் சொன்னார். இதுவரை மனிதர் யாருக்கும் போட்டதில்லை, வேண்டாமென்றால் வேண்டாம் என்றும் சொன்னார்.

"போட்டுக்கறனுங்க" என்றாள். கீரைப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அவள் நடை கொஞ்சம் வேகமாக இருந்ததோ என்று அவருக்கு ஒரு சந்தேகம்.

ஊசி போட்ட பிறகு ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நாச்சிமுத்து அவள் காப்பி ஆற்றுகையில் பார்ப்பார், தலை வாருகையில் பார்ப்பார், தூங்குகையில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். பதினேழாம் நாள் ஒரு ஈ நெற்றியில் உட்கார்ந்தபோது இடது புருவத்துக்கு மேல் ஒரு நூல் இழை துடித்தது. அந்த ஈக்கு அவர் தெருவில் வைத்து சால்வை போர்த்தாத குறை.

பத்தொன்பதாம் நாள் ஆய்வகத்தில் தெய்வாத்தாளைக் கேமராவுக்கு முன் உட்காரவைத்தார்கள். நாச்சிமுத்து பக்கத்தில் ஒரு நாற்காலியில்.

"ஆன்ட்டி, கஷ்டமான எதையாவது நெனச்சுக்குங்க" என்றார் ருக்சானா.

"நெனைக்கறதுக்கு என்னங்க, பக்கத்துலதான உக்காந்திருக்குது" என்றாள் தெய்வாத்தாள். கழுத்தைத் திருப்பிக் கணவனைப் பார்த்தாள்.

முதலில் புருவங்களுக்கு நடுவே ஒரு கோடு விழுந்தது. பிறகு இரண்டு. எட்டு வருடம் பூட்டிக் கிடந்த வீட்டில் ஒவ்வொரு சன்னலாகத் திறப்பது போல, நெற்றி மடிந்தது, கண் இடுங்கியது, வாயின் ஓரம் இறங்கியது. இயந்திரம் ஒன்று என்றது, இரண்டு என்றது, மூன்று என்றது. பிறகு எண்ணை விட்டுவிட்டு ஒரு சிவப்புக் கோட்டைப் போட்டுக் கூவ ஆரம்பித்தது. நாச்சிமுத்துவின் மூன்றுதான் உலகத்தின் உச்சம் என்று அதற்குச் சொல்லிவைத்திருந்தார்கள்.

"கோடு போகறதுக்காமா, கோடு!" என்றாள் தெய்வாத்தாள். "அந்த ஃபாரத்துல ஆறாம் பக்கம் படிச்சேன் நானு. 'கோபம் குறையும்'னு தமிழ்லதான போட்டிருந்துது. நீங்க எங்க கையெழுத்துன்னு தேடிட்டு இருந்தீங்க, நான் படிச்சுட்டு இருந்தேன்."

"படிச்சுட்டுமா போட்டுக்கிட்டே?"

"கொறையுமின்னு நம்பித்தான் போட்டுக்கிட்டேன்! எனக்கு மட்டும் உங்களோட மல்லுக்கட்டறதுக்கு ஆசையா? எங்க கொறைஞ்சுது? மூஞ்சியில நின்னுச்சு, உள்ள ஒரு துளி கொறையல. என்ற தையல் மெஷினைத் தூக்கித் தாராபுரத்துல உங்க தங்கச்சிக்குக் குடுத்தீங்களே, நான் பத்தொம்பது வயசுல சம்பாரிச்சு வாங்குன மெஷினு, அன்னைக்கு என்ன சொன்னேன்?"

"சரிங்கன்னே."

"அதுக்கு முன்னால?"

நாச்சிமுத்து யோசித்தார்.

"'அதை எடுத்தீங்கன்னா உங்களை மன்னிக்கவே மாட்டேன்'னு சொன்னேன். வாயைத் தொறந்து, இந்த வார்த்தையச் சொன்னேன். நீங்க என்ற மூஞ்சியப் பார்த்துச் சிரிச்சுட்டு, 'உனக்குத் தமாசு வருது தெய்வா'ன்னுட்டுப் போனீங்க. எட்டு வருசமா நான் வைஞ்சுட்டுத்தான் இருக்கறேன். ஒரு நாள் விடல. கேக்கறதுக்குத்தான் ஆளில்ல!"

நாச்சிமுத்துவுக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது, வாய் தானாகச் சிரித்தது. எங்கேயும் போகவில்லை. இங்கேயேதான் இருந்திருக்கிறாள். எட்டு வருடமும் விடாமல், ஒரு நாள் லீவு போடாமல், தன்னோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"சிரிக்கறதைப் பாரு, கெரகத்தை!" என்றாள் அவள்.

"இல்ல தெய்வா, நீ சொல்லு. மெஷினுக்கு அப்பறம்?"

அவள் சொன்னாள். ஒன்றே கால் மணி நேரம் சொன்னாள். இயந்திரம் சூடேறித் தானாக நின்றுவிட்டது.

ருக்சானா குறிப்பெடுப்பதை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது. "ஐயா" என்றார் கடைசியில். "மருந்து வெளிய விட்டதுக்கப்பறம் நாங்க சர்வே எடுத்தமுங்க. வீடு வீடாப் போயி. 'உங்களுக்கு இப்பக் கோபம் வருதா?'ன்னு ஒரு கேள்வி இருந்துச்சு."

"என்ன சொன்னாங்க?"

"எல்லாரும் 'வருதுங்க'ன்னு சொன்னாங்க. சிரிச்ச மொகமாச் சொன்னாங்க." அவருடைய விரல்கள் பேனாவை இரண்டு முறை மூடித் திறந்தன. "தமாசு பண்றாங்கன்னு நெனச்சு 'இல்லை'ன்னு எழுதிக்கிட்டோம். அப்படி ரெண்டு லட்சம் பேரு."

மாடிக்குக் கீழே கேன்டீன் வரிசையில் நூறு பேர் அமைதியாக நின்றுகொண்டிருந்தார்கள்.

வீட்டுக்குப் பேட்டரி ஆட்டோவில் போனார்கள். தெய்வாத்தாள் அந்த ஊசியில் தொடங்கி மாற்று ஊசி வரைக்கும் ஒன்றுவிடாமல் சொல்லி, பீளமேடு வரைக்கும் திட்டினாள். அதற்கப்புறம் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியபோது, கல் எடுத்த இடத்தில் கையை வைத்து முகத்தைச் சுருக்கினாள். ஒரு கணம்தான். வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை.

"மெதுவாப் போங்க தம்பி, வலிக்குது அவளுக்கு" என்றார் நாச்சிமுத்து.

தெய்வாத்தாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். நெற்றிக் கோடுகளில் ஒன்று இறங்கியது. மற்றவை இருந்தன. "ஆமா, இப்பத்தான் கண்ணு தெரியுது" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். ஆனால் கை அவர் முழங்கையைப் பிடித்திருந்தது.

சிக்னலில் ஆட்டோ நின்றது. முன்னால் பின்னால் பக்கத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிகள். சிக்னல் பழுதாம், முக்கால் மணி நேரமாகச் சிவப்பிலேயே நிற்கிறதாம். ஒரு ஹாரன் இல்லை. ஒவ்வொரு கண்ணாடிக்குப் பின்னாலும் ஒரு வழவழப்பான முகம்.

ஆட்டோக்காரர் ஹேண்டில்பாரை விட்டுவிட்டு மெல்லத் திரும்பினார். ஐம்பது வயதிருக்கும். நெற்றி சுழியம். தெய்வாத்தாளின் முகத்தை, பசித்தவன் பந்தியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா" என்றார், மிக இனிமையாகச் சிரித்தபடி. "இந்த மாத்து ஊசி எங்கீங்க போடறாங்க?"

நாச்சிமுத்து பதில் சொல்ல வாயைத் திறந்தார். பக்கத்து ஸ்கூட்டரில் இருந்த பெண்ணும், அதற்கடுத்த காரில் இருந்த நான்கு பேரும், எதிரே பஸ்ஸின் சன்னல்களில் வரிசையாக இருந்தவர்களும் தலையைத் திருப்பி, அவர் என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்தார்கள். அத்தனை பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.